ஒஹையோவில் பிறந்த சூத்திரமும் ஓடாத வைகையும்

ஆற்றில் சாக்கடை கலந்தால் ஆறு கெட்டுப்போகும். இதைச் சொல்ல ஒரு சமன்பாடு வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எவ்வளவு கலந்தால், எந்த ஊருக்குப் பக்கத்தில், எத்தனை நாளில் கெடும்? எவ்வளவு வரை கலந்தால் ஆறு தாங்கிக்கொள்ளும்? இப்படிக் கேட்டால் வாயால் பதில் சொல்ல முடியாது, கணக்குப் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கைத்தான் 'நீர்த்தர மாடல்' என்கிறார்கள். சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன சமாச்சாரம் :-)

இந்தப் பதிவு அந்தக் கணக்கின் வரலாறு பற்றியது. எங்கோ குளிர் தேசத்து ஆறுகளுக்காகப் போட்ட கணக்கு, சட்டம் வழியாக நம் ஊர் வைகைக்கும் நொய்யலுக்கும் வந்து சேர்ந்த கதை. கொஞ்சம் நீளம். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும், பயப்பட வேண்டாம்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் லண்டன் பாராளுமன்றத்தின் ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்ட கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகு சாக்கடைகள் கட்டினார்கள், கழிவைச் சுத்திகரிக்கவும் ஆரம்பித்தார்கள். ஆனால் எவ்வளவு சுத்திகரித்தால் போதும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு நகராட்சியும் ஒவ்வொன்று சொன்னது. இதைத் தீர்க்க 1898-ல் கழிவுநீர் அகற்றல் குறித்து ஒரு ராயல் கமிஷன் அமைத்தார்கள். கமிஷன் என்றால் சும்மா இல்லை, 1915 வரை நடந்தது! (நம்மூர் கமிஷன்களைத் திட்டுபவர்கள் கவனிக்க.)

அந்தக் கமிஷன் 1912-ல் கொடுத்த எட்டாவது அறிக்கைதான் நமக்கு முக்கியம். அழுக்கை அளக்க அவர்கள் கையாண்ட வழி இது. கழிவு கலந்த நீரை ஒரு பாட்டிலில் காற்றுப் புகாமல் மூடி ஐந்து நாள் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், தின்னும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுக்கும். ஐந்து நாளில் எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்பதே அழுக்கின் அளவு. இதுதான் பி.ஓ.டி., அதாவது உயிர்வழி ஆக்சிஜன் தேவை. ஏன் ஐந்து நாள்? இங்கிலாந்து ஆறுகளில் தண்ணீர் கடலை அடைய ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்பதால் அந்த எண்ணை எடுத்தார்கள் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன.

அடுத்துக் கமிஷன் ஒரு சின்னக் கணக்குப் போட்டது. ஆற்றின் பி.ஓ.டி. லிட்டருக்கு 4 மில்லிகிராமைத் தாண்டினால் ஆறு தொல்லை கொடுக்கும் என்று எடுத்துக்கொண்டது. ஓரளவு சுத்தமான ஆற்றில் ஏற்கெனவே 2 இருக்கும். ஒரு பங்கு கழிவுநீர் எட்டுப் பங்கு ஆற்றுநீரில் கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கழிவில் எவ்வளவு இருக்கலாம்? எட்டுப் பங்கு ஆற்றுநீரில் 16. ஒன்பது பங்கு கலவையில் 36 இருக்கலாம். மிச்சம் 20. ஆக, கழிவுநீரின் பி.ஓ.டி. 20-க்கு மேல் போகக்கூடாது. அவ்வளவுதான். உலகம் முழுக்கப் பின்னால் சட்டமாகவும் விதியாகவும் பரவிய '20' என்ற எண் இப்படித்தான் பிறந்தது.

அந்த எட்டுப் பங்கை மட்டும் மறக்காதீர்கள். பதிவின் உயிர்நாடி அதுதான். கமிஷனே தெளிவாகச் சொல்லியிருந்தது: ஆற்றில் நீர் ஏராளமாக ஓடினால் அளவைத் தளர்த்தலாம், எட்டுப் பங்குக்கும் குறைவாக ஓடினால் இன்னும் இறுக்க வேண்டும். எண் பிரபலமாகிவிட்டது, கூடவே வந்த நிபந்தனையைப் பலர் மறந்துவிட்டார்கள்.

இனி அமெரிக்கா. ஒஹையோ ஆறு பிட்ஸ்பர்க்கில் தொடங்கி ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி மிசிசிப்பியில் கலக்கிறது. வழிநெடுக ஊர்கள், எஃகு ஆலைகள். மேல் ஊர் விடும் சாக்கடையைக் கீழ் ஊர் குடிக்கிறது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1913-ல் சின்சினாட்டியில் ஓர் ஆய்வு நிலையம் வைத்து இந்த ஆற்றை மாதக்கணக்கில் அளந்தது. அந்த அளவுகளை வைத்து ஸ்ட்ரீட்டர் என்ற பொறியாளரும் ஃபெல்ப்ஸ் என்ற வேதியியலாளரும் எழுதிய அறிக்கை 1925-ல் வெளியானது. இன்றைக்கும் ஆற்று மாடல் என்று எதைத் திறந்தாலும் அடியில் இந்த இருவர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்கள் சொன்னது இதுதான். ஆற்றில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அழுக்கு அதிகமிருந்தால் செலவும் அதிகம். இரண்டு, காற்றிலிருந்து புது ஆக்சிஜன் நீரில் கரைகிறது. இதில் ஒரு வேடிக்கை, நீரில் பற்றாக்குறை எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாகக் கரையும். செலவு ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், வீட்டு பட்ஜெட் மாதிரி. சாக்கடை கலந்த இடத்தில் செலவு அதிகம், வரவு குறைவு. எனவே கீழே போகப்போக ஆக்சிஜன் இறங்கும். ஓரிடத்தில் செலவும் வரவும் சமமாகும். அதுதான் மிக மோசமான இடம். அதைத் தாண்டினால் அழுக்குக் குறைந்துவிடும், ஆறு மெல்ல மூச்சுவிட ஆரம்பிக்கும். வரைபடத்தில் போட்டால் இரண்டு தூணுக்கு நடுவே தொய்ந்து தொங்கும் கயிறு மாதிரி இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மீன் செத்து மிதக்கும் இடம் சாக்கடை கலக்கும் இடம் இல்லை. அதற்குப் பல கிலோமீட்டர் கீழே, சில நேரம் வேறொரு ஊரில். கலக்குகிறவன் ஊரில் ஆறு பார்க்க நன்றாகவே இருக்கும். 'எங்க ஊர்ல ஒரு பிரச்சினையும் இல்லையே' என்று அவன் சொல்வது பொய்யாகக்கூட இருக்காது. கயிற்றின் அடிப்புள்ளி எங்கே என்று காட்டியதால் முதல்முறையாக அவனைக் கேள்வி கேட்க முடிந்தது.

அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960களில் கம்ப்யூட்டர் வந்தது, ஆற்றைத் துண்டு துண்டாக நறுக்கி ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குப் போட்டார்கள். டெலவேர் முகத்துவாரத்துக்கு அப்படி ஒரு பெரிய மாடல் செய்தார்கள். 1970-ல் டெக்சாஸில் 'குவால்' என்ற நிரல் பிறந்து, வளர்ந்து, 1987-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் 'குவால்-2இ' ஆனது. நம் ஊர்ப் பொறியியல் மாணவர்கள் எத்தனையோ பேர் அதை வைத்துப் பிராஜெக்ட் செய்திருப்பார்கள். இந்த மாடல்களை ஓட்ட ஒரு வழக்கம் உண்டு. ஆறு நன்றாக ஓடும் நாளை எடுத்தால் எல்லாம் சுகமாகத்தான் தெரியும், எனவே மோசமான காலத்தை எடுக்க வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய, ஏழு நாள் தொடர்ச்சியான மிகக் குறைந்த நீரோட்டம் எதுவோ, அதை வைத்துக் கணக்குப் போடு என்பது அமெரிக்க விதி. நல்ல விதி. வைகையில் அதைப் போட்டுப் பார்த்தால் என்ன வரும் என்று இப்போதே ஊகித்திருப்பீர்கள்.

இந்தியாவுக்கு வருவோம். இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1963-ல் ஆறு, குளங்களில் விடும் தொழிற்சாலைக் கழிவுக்கு ஒரு தரத்தை வெளியிட்டது. 1974-ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1982-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. ஆறு, குளங்களில் விடும் கழிவுக்கு நம் நாட்டில் பொதுவாக வைத்த அளவு பி.ஓ.டி. 30. சோதனையைக் கொஞ்சம் நம் வெயிலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள், 20 டிகிரியில் ஐந்து நாள் என்பதற்குப் பதில் 27 டிகிரியில் மூன்று நாள். புத்திசாலித்தனமான மாற்றம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மட்டும் 2017-ல் பெருநகரங்களில் 20, மற்ற ஊர்களில் 30 என்று தனி அளவு அறிவித்தார்கள்.

சரி, குளிக்கத் தகுந்த ஆற்றின் பி.ஓ.டி. 3-க்குள் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ராயல் கமிஷன் கணக்கையே இதற்குப் போடுங்கள். ஆற்றில் 2, கழிவில் 30, கலவையில் 3 வர வேண்டும் என்றால், ஒரு லிட்டர் கழிவுக்கு 27 லிட்டர் நல்ல ஆற்றுநீர் வேண்டும். சட்டப்படி முழுசாகச் சுத்திகரித்த கழிவுக்கே இந்தக் கதை. நேராகத் திறந்துவிடும் சாக்கடைக்கு எத்தனை லிட்டர் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலும் நமக்கு எதிரி. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் சுமார் 7.5 தான். கையிருப்பே குறைவு. செலவின் வேகமோ, வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரப்படி, 20-லிருந்து 30 டிகிரிக்குப் போனால் சுமார் 58 சதவீதம் கூடும். காற்றிலிருந்து வரும் வரவின் வேகம் 27 சதவீதம் மட்டுமே கூடும். ஆக மதுரை வெயிலில் கயிறு ஒஹையோவைவிட ஆழமாகத் தொய்யும்.

நம்மவர்கள் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளவும் இல்லை. ரூர்க்கியைச் சேர்ந்த பார்கவா 1980களில் கங்கையையும் யமுனையையும் அளந்து, சாக்கடை கலந்த உடனே பி.ஓ.டி. பாடப்புத்தகத்தில் உள்ளதைவிட வேகமாகக் குறைவதைக் காட்டினார். காரணம், சுத்திகரிக்காத கழிவில் உள்ள திடப்பொருள் சீக்கிரமே அடியில் படிந்துவிடுகிறது. குறைந்தது போலத் தெரிவது உண்மையில் சேறாகக் கீழே உட்கார்ந்திருக்கிறது. இதற்காகச் சமன்பாட்டில் தனி உறுப்பு சேர்த்தார்.

ஆனால் கங்கை ஓடுகிற ஆறு. வைகை?

வைகையின் நீர்க்கணக்கே தனி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்தாலும், முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிந்தபின் பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக வந்துதான் இதற்கு உயிர் கொடுக்கிறது. 1959 முதல் ஆண்டிபட்டி அருகே வைகை அணை. அணையைத் திறந்தால் ஆறு, மூடினால் மணல். மழைக்காலம் தவிர மதுரைக்குள் ஓடுவது அணையில் திறந்த நீர் அல்லது ஊரின் சாக்கடை. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்க வேண்டுமென்று அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவார்கள், சாமிக்கே கேட்டு வாங்கித்தான் தண்ணீர்! பத்தாண்டில் மோசமான ஏழு நாள் என்ற அமெரிக்க விதியை இங்கே போட்டால் விடை பூஜ்யம். எட்டுப் பங்கு என்ற இடத்தில் பூஜ்யத்தைப் போடுங்கள். கலவையின் பி.ஓ.டி. என்பது கழிவின் பி.ஓ.டி.யே. 30 விட்டால் ஆறு 30.

ஊருக்குள் ஓடும் கிருதுமால் நதியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நதி என்று பெயர், இன்று சாக்கடை என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் நீர்த்துப்போகச் செய்ய வேறு நீர் எதுவும் கிடையாது, மாடலுக்கு வேலையும் கிடையாது. இதனால் மாடலே வீண் என்று சொல்ல வரவில்லை. கேள்வியை மாற்ற வேண்டும் என்கிறேன். 'கழிவில் எத்தனை மில்லிகிராம்' என்று கேட்பதற்கு முன் 'ஆற்றில் எத்தனை லிட்டர்' என்று கேட்க வேண்டும். 1912-ல் கமிஷன் அப்படித்தான் கேட்டது.

கேள்வி மாறாததால் என்ன ஆகும் என்பதற்கு நொய்யல் சாட்சி. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. இதுவும் ஆண்டு முழுக்க ஓடாத ஆறுதான். 1980களில் பனியன் ஏற்றுமதி சூடுபிடித்ததும் திருப்பூரைச் சுற்றிச் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் முளைத்தன. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், ஏராளமாக வேண்டும். சாயம் துணிக்குப் போகும், உப்பு முழுக்கத் தண்ணீரோடு வெளியே போகும்.

1990களின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். அவை நிறத்தை எடுத்தன, பி.ஓ.டி.யைக் குறைத்தன. உப்பு அப்படியே போனது. ஏனென்றால் உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. ஸ்ட்ரீட்டரின் கயிறு உப்பில் தொய்வதும் இல்லை, நிமிர்வதும் இல்லை. ஆறு தானாகச் சுத்தமாகும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமே இல்லை.

இதற்குக் கம்ப்யூட்டர் மாடல் கூட வேண்டாம். உதாரணத்துக்கு, சாயக்கழிவில் லிட்டருக்கு 6000 மில்லிகிராம் கரைந்த உப்பு என்று வைத்துக்கொள்வோம். அனுமதித்த அளவு 2100. ஆற்றுநீரில் 300 இருந்தால், ஒரு லிட்டர் கழிவுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் நல்ல நீர் வேண்டும், கோடையில் ஒரு சொட்டுக்கூட இராது. அதே நீர் ஒரு கோடி லிட்டர் போனால் 60 டன் உப்பு போகிறது. திருப்பூர் விட்டது நாளொன்றுக்குப் பல கோடி லிட்டர்.

அந்த உப்பு எங்கே போய் நின்றது? பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில். ஓடுகிற ஆற்றை நிற்கிற குளமாக மாற்றினோம், அது சாயத்தண்ணீரின் தொட்டியானது. சில ஆண்டுகளிலேயே, எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ அவர்களே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை. கிணறுகள் உவர்த்தன, மண் இறுகியது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் பாலாற்றுப் பகுதி பட்ட பாட்டுக்கு 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த வேலூர் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது. அதன்படி அமைந்த சுற்றுச்சூழல் இழப்பு ஆணையம் நொய்யல் பகுதியில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிட்டது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கடுமையான உத்தரவு போட்டது. உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் விவசாயிகள் பக்கமே நின்றது. அப்போதும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவானது. பிழைப்புக்காகத் திருப்பூர் வந்திருந்த தொழிலாளர்கள் மூட்டை கட்ட வேண்டி வந்தது. ஒரு சொட்டுக்கூட வெளியேறக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் பின்னர் படிப்படியாகத் திறந்தன.

அணையைத் திட்டமிட்ட 1980களிலேயே மேலே சொன்ன உப்புக் கணக்கைப் போட்டிருக்கலாம். ஒரு பக்கத் தாள் போதும். எட்டாம் வகுப்புக் கணக்கு.

ஒரத்துப்பாளையத்திலிருந்து மறுபடி நம்ம பக்கம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஆற்றை மறித்து நிறுத்துவது நமக்குப் புதிதே இல்லை. மதுரைச் சமவெளி முழுக்கக் கண்மாய்கள்தான். திருப்பரங்குன்றம் மலையடியில் இருக்கும் தென்கால் கண்மாய்க்கு வைகையிலிருந்து நிலையூர் கால்வாய் வழியாகத் தண்ணீர் வரும். ஒரு கண்மாயின் மடைநீர் வயலில் பாய்ந்து, வடிந்து, அடுத்த கண்மாய்க்குப் போகும். மறுகால் பாய்ந்தாலும் அப்படியே. ஏன், வைகையே கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் போய்ச் சேர்கிறது. இங்கே தண்ணீர் ஐந்து நாளில் கடலுக்குப் போவதில்லை. மாதக்கணக்கில் நிற்கிறது. எனவே நமக்குப் பொருந்தக்கூடியது ஆற்று மாடலைவிட ஏரி மாடல்.

அப்படி ஒன்றும் இருக்கிறது. வோலன்வைடர் என்பவர் 1968-ல் ஐரோப்பிய, அமெரிக்க ஏரிகள் ஏன் பச்சையாகின்றன என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். ஏரிக்கு ஆண்டுக்கு எவ்வளவு பாஸ்பரஸ் வருகிறது, ஏரி எவ்வளவு ஆழம், இவை தெரிந்தால் பாசி பிடிக்குமா என்று சொல்லிவிடலாம் என்றார். இந்த வகைக் கணக்குதான் ஈரி ஏரியைக் காப்பாற்ற அமெரிக்காவும் கனடாவும் 1972-ல் செய்த ஒப்பந்தத்துக்கு அடிப்படை.

வயலில் போடும் டி.ஏ.பி.யும் யூரியாவும், வீட்டுச் சோப்புத்தண்ணீரும் கண்மாய்க்கு இதே பாஸ்பரஸையும் நைட்ரஜனையும்தான் கொண்டுவருகின்றன. தொழிற்சாலைக் குழாய் என்றால் வாயில் நின்று பாட்டிலில் பிடித்து அளக்கலாம். வயலுக்கு வாய் எது? மழை பெய்யும்போது எல்லாப் பக்கமும் வடியும். அதனால்தான் விவசாய மாசு கடைசியாகத்தான் மாடலுக்குள் வந்தது. டெக்சாஸில் அமெரிக்க விவசாயத் துறை 1990களில் உருவாக்கிய 'ஸ்வாட்' மாடல் மண், சரிவு, மழை, உரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஆனால் அதற்குக் கொடுக்க அளவுகள் வேண்டும். கண்மாய்க்குள் வரும் நீரை யார் அளக்கிறார்கள்? அளவுகோல் இல்லாத ஊரில் ஆகாயத்தாமரைதான் அளவுகோல். கண்மாயில் அது கம்பளம் விரித்திருந்தால் உரமும் சாக்கடையும் போதுமான அளவு வந்துவிட்டன என்று அர்த்தம்.

கண்மாய்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. நம் சமவெளியில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையைவிட ஆவியாகப் போகக்கூடிய நீர் அதிகம். (2017-ல் வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டுச் சிரிப்பாய்ச் சிரித்தோமே, அந்த ஆவிதான். கவலை சரியானது, மருந்துதான் காற்றில் பறந்துவிட்டது.) தண்ணீர் ஆவியாகும், உப்பும் பாஸ்பரஸும் ஆவியாகாது. தை மாதம் கண்மாயில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு இருந்து, மடை திறக்காமல் சித்திரைக்குள் பாதித் தண்ணீர் ஆவியாகிவிட்டால், மிச்சமிருப்பதில் 1000. வெளியிலிருந்து ஒரு சொட்டுக் கழிவு புதிதாகச் சேரவில்லை என்றாலும் இதுதான் கதி. அந்த நேரத்தில் சாக்கடை மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தால், பாதியான தண்ணீரில் முழு அழுக்கு. கோடையில் கண்மாய்களில் விடிகாலை மீன் செத்து மிதப்பதற்கு இது முக்கியமான காரணம். இரவு முழுக்கப் பாசியும் சுவாசித்து, நுண்ணுயிரும் சுவாசித்து, விடியும்போது ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். மாதிரி எடுக்கப் பாட்டிலோடு வருபவர்கள் காலை பதினொரு மணிக்கு வந்தால் வெயிலில் பாசி மறுபடி ஆக்சிஜனை நிரப்பி வைத்திருக்கும், அளவு நன்றாகவே காட்டும். விடிகாலை ஐந்து மணிக்கு வர வேண்டும்.